தோட்டாவுக்கு மறுபிறவி

சுட்டு முடித்த தோட்டாவில் என்ன மிஞ்சும்? ஒரு காலிப் பித்தளைக் கூடு, அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் அமெரிக்காவில் ரைஃபிள் சுடுகிறவர்களில் ஒரு கூட்டம், சுட்ட கையோடு குனிந்து அந்தக் கூடுகளைத்தான் பொறுக்குகிறது. பெரும்பாலும் தோட்டாவில் விலை அதிகமான பாகமே அதுதான்!

ரைஃபிள் தோட்டா நான்கு பொருள்களின் கூட்டு. பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பொறி தரும் ப்ரைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் செருகிய குண்டு. சுட்டதும் மூன்று செலவாகிவிடும். கூடு மட்டும் கொஞ்சம் உப்பிப்போய் மிஞ்சும். பி.காம். பாஷையில் சொன்னால், கூடு சொத்து; மற்ற மூன்றும் சரக்கு. சொத்துக்குத் தேய்மானமும் உண்டு. விரிசல் விழுந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

உப்பிய கூட்டைப் பழைய அளவுக்கு இறுக்கி, மற்ற மூன்றையும் புதிதாக வைப்பதற்குப் பெயர் ரீலோடிங். இதற்கான பிரஸ்ஸை வழக்கமாகக் கனமான மேசையில் போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். அதன் தம்பிதான் ஹேண்ட் பிரஸ். எலுமிச்சை பிழியும் கருவியைப் பெரிதாக்கியது போல இரண்டு கைப்பிடிகள். மேசை தேவையில்லை. பைக்குள் போட்டுச் சுடும் மைதானத்துக்கே எடுத்துப் போகலாம்.

யோசனை புதிதல்ல. 1870களில் மேற்குச் சமவெளிகளில் காட்டெருமை வேட்டையாடியவர்களுக்குக் கடை எங்கோ தொலைவில். ஈயமும் மருந்தும் கூடவே சுமந்துபோய், கூடாரத்திலேயே தோட்டா நிரப்பிக்கொண்டார்கள். 1884 இல் ஜான் பார்லோ தொடங்கிய ஐடியல் கம்பெனி இடுக்கி வடிவக் கருவிகளை விற்றது. 1925 இல் அது லைமன் கம்பெனியின் கைக்குப் போனது. 1958 இல் ரிச்சர்ட் லீ, சுத்தியலால் தட்டியே வேலையை முடிக்கும் ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்தார்.

சரி, காசு மிச்சமா? ஒரு தோட்டாவுக்கு ஆகும் செலவைப் பார்த்தால் மிச்சம்தான். ஆனால் ரீலோடிங் செய்கிறவர்களிடம் பழைய ஜோக் ஒன்று உண்டு: செலவு குறையாது, அதே காசுக்கு இன்னும் நிறையச் சுடலாம், அவ்வளவுதான் :-)

நேரத்தையும் கணக்கில் சேர்த்தால் ஹேண்ட் பிரஸ் நஷ்டம். மேசையில் இருக்கும் தானியங்கி வகை பிரஸ் ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கணக்கில் தள்ளும். இதில் ஒவ்வொரு கூடாக, ஒவ்வொரு படியாகப் போக வேண்டும். பெரிய ரைஃபிள் கூடுகளை இறுக்கத் தோள்பட்டையே வலிக்கும்.

ஆனால் அந்த மெதுவில்தான் விஷயம் இருக்கிறது. மருந்தை நிறுப்பது கிரெய்ன் கணக்கில். ஒரு கிரெய்ன் சுமார் 65 மில்லிகிராம். மருந்து கூடிப்போனால் துப்பாக்கி முகத்துக்கு நேரே வெடிக்கலாம். போட மறந்தாலோ ப்ரைமரின் வேகம் மட்டும் குண்டைத் தள்ளி, பாதிக் குழாயில் சிக்கவைக்கும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழாயே பிளக்கும். தொழிற்சாலைத் தோட்டாவுக்குப் பொறுப்பேற்க ஒரு கம்பெனி இருக்கிறது. வீட்டில் நிரப்பியதற்குத் தர ஆய்வாளரும் அவரே, வாடிக்கையாளரும் அவரே. ஒவ்வொரு கூட்டையும் கையில் எடுத்து, வெளிச்சத்தில் உள்ளே எட்டிப் பார்க்கிறவருக்குத் தப்பு கண்ணில் படும் வாய்ப்பு அதிகம்.

இது முழுச் சுதந்திரமா என்றால், அதுவும் இல்லை. 2020 இல் கொரோனா காலத்தில் அமெரிக்காவில் தோட்டாவுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ப்ரைமருக்கும் சேர்ந்தே வந்தது. கூடு இருந்தது, பிரஸ் இருந்தது, பொறுமையும் இருந்தது. பட்டன் அளவு ப்ரைமர் இல்லாததால் எல்லாம் அலமாரியில் தூங்கின.

ஹேண்ட் பிரஸ் காசைச் சேமிக்கிறதோ இல்லையோ, கைப்பிடியை அழுத்துகிறவரை ஒவ்வொரு தோட்டாவுக்கும் பதில் சொல்ல வைக்கிறது. எத்தனை பொருள்களை நாம் அப்படிப் பார்த்து வாங்குகிறோம்?