பச்சை அட்டை இருந்தால் ஏரிக்கரை

நியூஸிலாந்தின் வீட்டு வண்டிக்காரர்களிடையே எதை வைத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்பதில் ஆளுக்கொரு கட்சி. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் சட்டம் எல்லோருக்கும் சேர்த்து முடிவு செய்துவிட்டது.

புக்காக்கி ஏரியின் நீலத்தை முதன்முதலில் பார்ப்பவர்கள் தங்கள் கண்களையே சந்தேகிப்பார்கள். பனியாறுகள் மலையை அரைத்து அனுப்பும் மாவு போன்ற கல்துகள் தண்ணீரில் மிதப்பதால் வரும் நிறம் அது. ஏரிக்கு வடக்கே 3,724 மீட்டர் உயரத்தில் அவ்ராக்கி என்கிற மவுண்ட் குக். நாட்டின் மிக உயரமான சிகரம். வெயில் சாயத் தொடங்கியதும் கரையோரம் வண்டிகள் வந்து சேர ஆரம்பிக்கின்றன. பம்பரில் துரு ஏறிய ஒரு டொயோட்டா ஹையேஸ். அதன் பக்கத்திலேயே, புது வீட்டுக்கு முன்பணம் கட்டக்கூடிய விலையில் வாங்கிய ஐரோப்பிய மோட்டார் ஹோம். சற்றுத் தள்ளி, ஒரு காலத்தில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் சென்ற பேருந்து, கூரையில் புகைபோக்கியுடன். சிகரம் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் இரவு அங்கேயே தங்கலாமா என்பதை வண்டியின் முன்கண்ணாடியில் உள்ள ஒரு பச்சை அட்டை தீர்மானிக்கிறது.

நமக்குக் கேரவன் என்றால் படப்பிடிப்பில் நட்சத்திரங்கள் இளைப்பாறும் வண்டி. நியூஸிலாந்தில் அந்தப் பெயர் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் கூண்டுக்கு மட்டுமே. எஞ்சினும் படுக்கையும் ஒரே வேனுக்குள் இருந்தால் அது கேம்பர்வேன். பெரிதாகி, உள்ளே நிமிர்ந்து நடக்கவும் நின்று குளிக்கவும் இடம் இருந்தால் மோட்டார் ஹோம். இது எங்கே முடிந்து அது எங்கே தொடங்குகிறது என்பதில் சொந்தக்காரர்களுக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது.

இந்த மோகத்துக்கு நாட்டின் அமைப்பே காரணம். பரப்பளவில் தமிழ்நாட்டைப் போல் இரண்டு மடங்கு. மக்கள்தொகை ஏறத்தாழ 53 லட்சம். அதிலும் கால்பங்குக்குக் குறைவானவர்களே தென்தீவில் வசிக்கிறார்கள். ஊருக்கும் ஊருக்கும் நடுவே மணிக்கணக்கில் மலையும் மேய்ச்சல் நிலமும்தான். சாதாரண கார் உரிமத்தை வைத்துக்கொண்டே 6,000 கிலோ வரை எடையுள்ள வண்டியை ஓட்டலாம். அங்கேயும் வண்டிகள் சாலையின் இடப்பக்கம் ஓடுவதால் ஜப்பானில் கழித்துக் கட்டிய வேன்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்குகின்றன. வண்டிச் சொந்தக்காரர்களின் சங்கம் 1956இல் தொடங்கப்பட்டது. இன்று அதில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான உறுப்பினர்கள். எதிரெதிரே வரும்போது கையசைத்துக்கொள்வது இவர்களுக்குள் எழுதப்படாத மரியாதை. இந்த ஒற்றுமையெல்லாம் வண்டியைவிட்டு இறங்கும் வரைதான். இறங்கியதும் யாருடையது நல்ல வண்டி என்ற வழக்கு ஆரம்பமாகிவிடுகிறது.

நீளத்துக்குக் கொடுக்கும் விலை

ஹையேஸ் கட்சியின் வாதம் நீளத்தைப் பற்றியது. சுமார் 5 மீட்டர் வேன், கார் நிற்கும் இடத்தில் நிற்கும். 7 மீட்டர் வண்டிக்கு ஊருக்குள் நுழைந்ததுமே கவலை தொடங்கிவிடும். வடதீவையும் தென்தீவையும் இணைக்கும் குக் நீரிணைக் கப்பலில், மூன்றரை மணி நேரப் பயணத்துக்கு, வண்டியின் நீளத்தை வைத்தே கட்டணம். மேற்குக் கடற்கரைச் சாலையில் ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய பாலங்கள் ஏராளம். எதிரே வருபவருக்கு வழிவிட்டுப் பின்வாங்க வேண்டிய நேரத்தில்தான் பின்னால் எத்தனை மீட்டர் இருக்கிறது என்பது உறைக்கும். 3,500 கிலோவுக்கு மேற்பட்ட வண்டி என்றால் மற்றவர்கள் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் நெடுஞ்சாலையிலும் 90தான் எல்லை.

டீசல் வண்டிக்காரர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அங்கே டீசல் விலையில் சாலை வரி சேர்வதில்லை. ஓடும் தூரத்துக்கு, 1,000 கிலோமீட்டர் கணக்கில், முன்கூட்டியே வரி கட்டி வாங்க வேண்டும். பங்க்கில் டீசல் மலிவு என்று மகிழ்கிற புதியவர்கள் இந்த ரசீதைப் பார்த்ததும் அமைதியாகிவிடுவார்கள்.

பெரிய வண்டிக்காரர்கள் இதையெல்லாம் மறுப்பதில்லை. அவர்களிடம் ஒரே கேள்விதான்: காலையில் படுக்கையை மடக்கி மேசையாக்கி, இரவில் மேசையை மடக்கிப் படுக்கையாக்கும் வேலையை எத்தனை நாள் செய்வீர்கள்? இரண்டு வார விடுமுறைக்கு அது விளையாட்டு. பணி ஓய்வு பெற்று வருடத்தில் ஆறு மாதம் சாலையில் கழிப்பவர்களுக்குத் தண்டனை. முழங்கால் வலிக்காரருக்கு, போட்டது போட்டபடி இருக்கும் கட்டில்தான் முதல் தேவை. டிரைவர் தலைக்கு மேலே பரண் போல் நீட்டிய படுக்கை பேரப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். எழுபது வயதுக்காரர் இரவில் இரண்டு முறை அதிலிருந்து ஏணியில் இறங்கிப் பார்த்தால் தெரியும்.

அவர்களுக்கும் சங்கடங்கள் இல்லாமல் இல்லை. பல ஐரோப்பிய மோட்டார் ஹோம்கள் ஃபியட் டுகாட்டோவின் மேல் கட்டப்பட்டவை. எஞ்சினின் இழுப்பு முன்சக்கரத்தில். அதனால் தரையைத் தாழ்வாக அமைக்கலாம், ஏறி இறங்குவது சுலபம். ஆனால் வீட்டின் பாரமெல்லாம் பின்னால் இருக்க, மழையில் நனைந்த புல்வெளியில் முன்சக்கரம் பிடிமானமில்லாமல் சுழலும். அப்போது தள்ளிவிட வருபவர் பெரும்பாலும் பக்கத்து ஹையேஸ்காரராக இருப்பார். அன்றைய விவாதத்தில் அவருக்கே வெற்றி.

பேருந்துக்காரர்கள் இரண்டு கட்சியிலும் சேராதவர்கள். இவர்களுடைய மரபு 1970களில் வேர்விட்டது. வைஹி அருகே 1979 ஜனவரியில் நடந்த நம்பாஸா விழாவுக்குப் பல்லாயிரம் இளைஞர்கள் திரண்டபோது, கையால் இழைத்த மரவீடுகளை முதுகில் சுமந்த லாரிகளும் பேருந்துகளும் அணிவகுத்து வந்தன. பழைய பெட்ஃபோர்டு பேருந்தின் உள்ளே விறகடுப்பும் புத்தக அலமாரியும் பூந்தொட்டியும் வைத்து வாழ்பவர்கள் இன்றும் உண்டு. மேட்டில் ஏறும்போது பின்னால் வாகன வரிசை நீண்டுவிடும். இவர்கள் ஓரம்கட்டி வழிவிட்டு, மீண்டும் மெதுவாகக் கிளம்புவார்கள். வேகத்தை முதலிலேயே விட்டுக்கொடுத்துவிட்டதால் அதற்காக வருந்துவதில்லை.

கட்சிகள் மூன்றையும் கேட்டபின் ஒன்று புரிகிறது. ஒவ்வொருவரும் தமக்கு எது வேண்டாம் என்பதை முதலில் முடிவு செய்திருக்கிறார்கள். இடம் வேண்டாம் என்றவருக்கு வேன். போகும் வழிகள் குறைந்தாலும் பரவாயில்லை என்றவருக்கு மோட்டார் ஹோம். அவசரமே வேண்டாம் என்றவருக்குப் பேருந்து. இழந்ததைத் தாமே தேர்ந்தெடுத்ததால்தான் தம் வண்டி மேல் அவ்வளவு பிரியம்.

சட்டம் நுழைந்த இடம்

அந்தச் சுதந்திரத்துக்குள் சட்டம் கழிப்பறை வழியாக நுழைந்தது. கட்டணம் செலுத்தும் முகாம்களுக்குப் போகாமல் பொது இடத்தில் வண்டியை நிறுத்தித் தூங்கும் வழக்கம் நெடுநாளாக இருந்தது. சுற்றுலாப் பயணிகள் பெருகப் பெருக, புதரோரங்களில் அசுத்தமும் காகிதமும் பெருகின. உலகக் கோப்பை ரக்பி போட்டிக்கு நாடு தயாரான 2011இல் இதற்கென முதல் சட்டம் வந்தது. எந்தெந்த இடத்தில் தங்கக்கூடாது என்று நிர்ணயிக்கும் அதிகாரம் உள்ளாட்சி மன்றங்களுக்குக் கிடைத்தது. புகார்கள் ஓயவில்லை. 2023இல் சட்டம் இறுகியது.

இப்போது, உள்ளாட்சி மன்றத்தின் நிலத்தில் வண்டிக்குள் இலவசமாகத் தங்க வேண்டுமானால், மன்றம் விலக்கு அளித்த இடங்கள் நீங்கலாக, அந்த வண்டி தன் கழிவைத் தானே சுமக்கக்கூடியது என்ற சான்றிதழ் வேண்டும். அதன் அடையாளம்தான் பச்சை அட்டை. ஆயுள் நான்கு ஆண்டு. ஓர் ஆளுக்கு மூன்று நாளைக்குப் போதுமான 12 லிட்டர் நல்ல தண்ணீர், அதே அளவு அழுக்குத் தண்ணீரைப் பிடித்துவைக்கத் தொட்டி, பாத்திரம் கழுவத் தொட்டி, மூடியுள்ள குப்பைக்கூடை, எல்லாவற்றுக்கும் மேலாக வண்டியோடு பிணைத்துப் பொருத்தப்பட்ட கழிப்பறை. எடுத்து வைத்து மூடும் பிளாஸ்டிக் பெட்டியை டிக்கியில் போட்டுக்கொண்டு சமாளித்த காலம் முடிந்துவிட்டது. படுக்கை விரித்திருக்கும்போதும் கழிப்பறையை உள்ளேயே பயன்படுத்த முடிய வேண்டும். மீறினால் அபராதம் 400 டாலர், அதாவது சுமார் 20,000 ரூபாய். கடுமையான மீறல்களுக்கு இதைவிட அதிகம்.

மோட்டார் ஹோம் சொந்தக்காரருக்கு இதில் சிரமமில்லை. குளியலறை வண்டியோடு வந்ததுதான். அடி வாங்கியது சின்ன வண்டி. ஐந்து மீட்டர் வேனுக்குள் கட்டிலின் பலகையைத் தூக்கி, அடியில் இடம் தேடி, தலை இடிக்காமல் உட்கார வழிசெய்து, பரிசோதகரிடம் காட்டிச் சான்றிதழ் வாங்க வேண்டும். இந்த மாற்றங்களின் செலவு சில சமயம் வேனின் விலையோடு போட்டிபோடுகிறது. பின் இருக்கையைக் கழற்றி மெத்தை போட்ட பழைய எஸ்டிமா காரில் நாடு சுற்றும் இளைஞருக்கு அந்த வழியும் இல்லை. அவர் அனுமதிக்கப்பட்ட இடங்களையும் கட்டண முகாம்களையும் தேடிப் போக வேண்டியதுதான். பணம் குறைந்தவர்களின் விடுமுறையாகத் தொடங்கிய ஒன்று, பணம் உள்ளவர்களிடம் போய்விடும் என்ற கவலை நியாயமானது.

மறுபக்கமும் உண்டு. சில நூறு பேர் வாழும் ஏரிக்கரை ஊரில், கோடையில் தினமும் நிற்கும் வண்டிகளின் அசுத்தத்தை அள்ளும் செலவு உள்ளூர்க்காரர்களின் வரியில்தான் விழும். அவர்கள் கேட்டதும் அநியாயமல்ல. சட்டம் ஒரு விஷயத்தில் கருணையோடு நடந்துகொண்டது. வேறு வீடு கிடைக்காமல் வண்டிக்குள் வாழும் நாட்டுக்காரர்களை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. வாடகை எகிறிய நகரங்களில் அப்படி வாழ்பவர்கள் இருக்கிறார்கள் என்பதை அரசே ஒப்புக்கொண்டது போலாயிற்று. உள்ளாட்சி மன்றங்களுக்கும் கடிவாளம் இல்லாமலில்லை. குவீன்ஸ்டவுன் பகுதி மன்றம் 2021இல் கொண்டுவந்த கட்டுப்பாடுகளை எதிர்த்து வண்டிக்காரர் சங்கம் வழக்குத் தொடர, உயர் நீதிமன்றம் 2024இல் அவற்றை ரத்து செய்தது.

போகிறவர்களுக்கு

இந்தியாவிலிருந்து போய் வண்டியை வாடகைக்கு எடுப்பவர்களுக்கும் இதே கேள்விகள்தான். நான்கு பேர் படுக்கலாம் என்று எழுதியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். எத்தனை சீட் பெல்ட், பச்சை அட்டை எத்தனை பேருக்கு என்று தனித்தனியே கேளுங்கள். மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அங்கே குளிர்காலம். மலைப்பகுதியில் இரவில் தண்ணீர் உறையும். எஞ்சினை அணைத்த பிறகும் வேலை செய்யும் ஹீட்டர் இல்லையென்றால், இருவர் விட்ட மூச்சே விடிவதற்குள் ஜன்னலில் ஈரமாக வழியும். மேற்குக் கரையிலும் மில்ஃபோர்டு பக்கமும் ஜன்னலுக்குக் கொசுவலை அவசியம். மவோரிகள் நமு என்று அழைக்கும் சின்னஞ்சிறு ஈக்கள் கடித்த இடம் நாள்கணக்கில் அரிக்கும். மில்ஃபோர்டு சாலையில், 1954இல் திறந்த ஹோமர் சுரங்கத்துக்குப் போகும் வழியின் பெரும்பகுதி தேசியப் பூங்கா. அங்கே பச்சை அட்டையைக் காட்டி நினைத்த இடத்தில் படுக்க முடியாது. இயற்கைப் பாதுகாப்புத் துறையின் முகாம்களில்தான் தங்க வேண்டும். நாடெங்கும் இத்துறைக்கு 200க்கும் மேற்பட்ட முகாம்கள் இருக்கின்றன. பல வெகு மலிவு.

சமையல் இன்னொரு சோதனை. வேனுக்குள் தாளித்தால் கடுகு மெத்தைக்கு வந்துவிடும், வாசனை மூன்று நாள் போகாது. பின்கதவைத் தூக்கி வெளியே நின்று சமைக்கும்படி அடுப்பு வைத்த வண்டிகளை நம்மவர்கள் விரும்ப இதுவே போதும். மழைநாளில் அதே வண்டியைச் சபிப்பார்கள் என்பது வேறு விஷயம். மேற்குக் கரையில் மழைநாள்களுக்குப் பஞ்சமில்லை.

பழைய வேன் விற்பவர்கள் முன்பெல்லாம் எஞ்சின் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதைச் சொல்லித்தான் பேரத்தை ஆரம்பிப்பார்கள். இப்போது பச்சை அட்டை முந்திக்கொண்டுவிட்டது. வாங்குகிறவர் படுக்கையின் அளவையும் எஞ்சினின் சத்தத்தையும் அதற்குப் பிறகுதான் கவனிக்கிறார். எது இல்லாமல் வாழலாம் என்று அவரே தீர்மானிக்கக்கூடியவை இன்னும் நிறைய இருக்கின்றன: ஷவர், அடுப்பு, நிமிர்ந்து நிற்க உயரம், நிலையான கட்டில். கழிப்பறை மட்டும் அந்தப் பட்டியலிலிருந்து போய்விட்டது. அதற்கு இடம் ஒதுக்க முடிந்தவர்களுக்கு ஏரிக்கரை இன்றும் இலவசம்.