கேட்காமல் போன சொல்

மெல்லிசைக் கச்சேரியில் மைக் தகராறு செய்தால் ஒரு பாட்டு கெடும். அடுத்த பாட்டில் எல்லாம் சரியாகிவிடும், நாமும் மறந்துவிடுவோம். நகைச்சுவைக் கச்சேரியில் அப்படி இல்லை. ஒரு சொல் காதில் விழாவிட்டால் அந்தப் பாட்டுக்காகக் கலைஞர்கள் பட்ட பாடு முழுவதும் வீண். திருச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த நிகழ்ச்சியில் இதைக் கண்கூடாகப் பார்த்தேன். அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை.

மேடையில் ஒரு கீபோர்டு, ஒரு தபேலா, ஒரு கிடார். நடுவில் பாடவும் பேசவும் நடிக்கவும் ஒரே கலைஞர். பழைய மெட்டுகளில் புதுச் சொற்களைப் பொருத்தி, கல்யாணப் பந்தியையும் வாடகை வீட்டையும் மாமியார் கைப்பேசியையும் பாடுகிறவர். அலெக்சாண்டர் பாபுவின் ‘அலெக்ஸ் இன் வொண்டர்லேண்ட்’ 2019-ல் இணையத்தில் வந்த பிறகு, பாட்டும் பேச்சும் கலந்த இந்த வகைக்குத் தமிழ்நாடு முழுவதும் ரசிகர்கள் பெருகிவிட்டார்கள். ஸ்ரீரங்கத்திலிருந்து எங்கள் உத்தர வீதிக்காரர்கள் பலரும் டிக்கெட் வாங்கி, ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டி வந்திருந்தார்கள். முழங்கால் வலியைப் பொருட்படுத்தாமல் பக்கத்து வீட்டு மாமியும் வந்திருந்தார்.

முதல் பாட்டிலேயே தொல்லை தொடங்கிவிட்டது. கம்பியில்லா மைக் ஒவ்வொரு அடியின் முடிவிலும் அறுந்தது. சிரிப்பு வருவதே அடியின் முடிவில்தான். மைக்கை மாற்றினார்கள். மாற்றிய மைக் கூவத் தொடங்கியது. அதை அடக்கச் சத்தத்தைக் குறைத்தார்கள், பின்வரிசைக்கு எதுவும் கேட்கவில்லை. கீபோர்டிலிருந்து ‘உம்ம்’ என்று ஓர் இரைச்சல் பாட்டுக்கு அடியில் ஓடிக்கொண்டே இருந்தது. முன்வரிசை சிரிக்கும், பின்னால் இருப்பவர்கள் அவர்களைப் பார்ப்பார்கள், சொன்னது வரிசை வரிசையாகக் கடந்து எங்களிடம் வந்து சேர்வதற்குள் அவர் அடுத்த சரணத்தில் இருப்பார். “என்னடா சொன்னான்? ஏன் எல்லாரும் சிரிக்கறா?” என்று மாமி கேட்டுக்கொண்டே இருந்தார். நான் காதருகே சொன்னேன். தலையை ஆட்டினார். விளக்கிச் சொன்ன நகைச்சுவைக்கு மனிதர்கள் தருவது அவ்வளவுதான்.

மெட்டு மட்டும் நன்றாகவே கேட்டது. ஏன் மெட்டு பிழைக்கிறது, சொல் மட்டும் சாகிறது? உயிரொலிகளின் பலம் தாழ்ந்த அதிர்வுகளில் இருக்கிறது, மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டும் ஒலி உயர்ந்த அதிர்வுகளில் இருக்கிறது. மெட்டைச் சுமப்பது உயிரொலி, சொல்லை அடையாளம் காட்டுவது மெய். காற்றில் ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். மேடையிலிருந்து 17 மீட்டர் தள்ளி இருக்கும் பின்சுவரில் மோதித் திரும்பிவர வினாடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். அதற்குள் பாடகர் அடுத்த அசைக்குள் நுழைந்திருப்பார். தரையெல்லாம் கிரானைட், சுவரெல்லாம் ஓடு, பக்கமெல்லாம் கண்ணாடி என்று கட்டிய மண்டபத்தில் முந்தைய அசையின் உயிரொலி நின்று முழங்கி அடுத்த அசையின் மெய்யை மூடிவிடுகிறது. நாகசுரமும் தவிலும் அந்த மண்டபத்தில் அமர்க்களமாக இருக்கும். சிலேடை அங்கே நிற்காது.

என்.எஸ்.கிருஷ்ணனின் கிந்தனார் காலட்சேபத்தை நினைத்துப் பாருங்கள். 1949-ல் வந்த ‘நல்லதம்பி’ படத்தில் அது இருக்கிறது. கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரத்தை அப்படியே கதாகாலட்சேப அமைப்பில் வைத்துக்கொண்டு, சிதம்பரம் போகத் தவித்த நந்தனாரின் இடத்தில் படிக்கத் தவிக்கும் கிந்தனை நிறுத்தியது அது. எழுதியவர் உடுமலை நாராயணகவி. கேட்பவர் காதில் நந்தனாரும் ஒலிக்க வேண்டும், கிந்தனாரும் ஒலிக்க வேண்டும். முதல் எழுத்து ஒன்று மங்கினால் போதும், கேலியும் போயிற்று, அதற்குள் இருக்கும் சமூகக் கோபமும் போயிற்று. நகைச்சுவைப் பாட்டு எழுதுகிறவர்கள் ஓர் எழுத்தை மாற்றுவதற்கு நாள்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். அந்த ஓர் எழுத்தைக் கடைசி வரிசை வரை கொண்டு சேர்க்கும் பொறுப்பு யாருக்கு?

நம் பக்கத்து நாடக மேடைக்கு இதற்குப் பதில் தெரிந்திருந்தது. புதுக்கோட்டை வட்டாரத் திருவிழாக்களில் இன்றும் இரவு முழுக்க நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தில் முதலில் மேடைக்கு வருகிறவர் பபூன். பாடுவார், ஆடுவார், ஆர்மோனியக்காரரோடு வாயாடுவார். மேடையின் ஓரத்திலேயே ஆர்மோனியமும் மிருதங்கமும், சத்தங்களுக்கென்றே ‘ஆல்ரவுண்ட்’ வாசிப்பவரும் உட்கார்ந்திருப்பார்கள். பபூன் விழுந்தால் ஒரு தட்டு, முறைத்தால் ஒரு உருட்டு. அவர்கள் கண் பபூனின் காலை விட்டு அகலாது. சத்தம் போடுகிறவரும் அங்கே நடிகர்தான். எங்கே அடிக்க வேண்டும், எங்கே ஓய வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

இரைச்சலையே சிரிப்பாக்கியவர்களும் உண்டு. லண்டனில் 1956-ல், ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில், ஜெரார்ட் ஹாஃப்னுங் என்ற கேலிச்சித்திரக்காரர் ஓர் இசைவிழாவே நடத்தினார். மால்கம் ஆர்னால்ட் அதற்காக எழுதிய இசையில் ஆர்கெஸ்ட்ராவோடு மூன்று வாக்குவம் கிளீனர்களும் ஒரு தரை பாலிஷ் இயந்திரமும் துப்பாக்கிகளும் சேர்ந்து முழங்கின. கூட்டம் சிரித்தது. அந்த இரைச்சல் ஒவ்வொன்றும் எங்கே வர வேண்டும் என்று தாளில் எழுதப்பட்டிருந்தது. எங்கள் மண்டபத்து இரைச்சலை யாரும் எழுதவில்லை. ஒரு வேறுபாடு அதுதான், முழு வேறுபாடும் அதுதான்.

மைக்செட்காரரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இடைவேளையில் அவரிடம் பேசினேன். “ஏழு மணி புரோகிராமுக்கு ஆறு மணிக்குத்தான் சார் ஹாலே கையில கெடச்சுது. மதியம் வரைக்கும் வளைகாப்பு. பெட்டியை இறக்கி வயரைப் போடவே நேரம் சரியாப் போச்சு” என்றார். ஆள் இல்லாத மண்டபத்தில் ஒலி ஒரு மாதிரி இருக்கும், ஆயிரம் பேர் உட்கார்ந்த பிறகு வேறு மாதிரி இருக்கும் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. எந்தப் பாட்டில் எந்த இடத்தில் பேச்சு வரும், எங்கே கீபோர்டைத் தணிக்க வேண்டும் என்று அவரிடம் யாரும் ஒரு தாள்கூடக் கொடுக்கவில்லை. அழைப்பிதழில் பந்தல் போட்டவர் பெயர் வரை இருந்தது. ஒலி அமைப்பாளர் பெயர் இல்லை.

வெளியே வரும்போது எல்லார் வாயிலும் ஒரே பாராட்டு. “நல்லா சமாளிச்சுட்டார்!” உண்மைதான். மைக் கூவியபோதெல்லாம் அதையே வைத்து நான்கு வார்த்தை பேசிக் கூட்டத்தைத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். அந்தச் சிரிப்பைத்தான் நான் ஏற்கமாட்டேன். அவர் மாதக்கணக்கில் எழுதிக்கொண்டுவந்த பாட்டுக்கு வர வேண்டிய சிரிப்பு, மைக்கைப் பற்றிய பேச்சுக்கு வந்தது. சமாளிப்பைப் பாராட்டிப் பாராட்டியே கெட்ட ஒலியை நாம் வாழவைத்துக்கொண்டிருக்கிறோம். சங்கீத வித்வானுக்கு மைக் சரியில்லை என்றால் சபா செயலாளர் ஓடி வருவார். சிரிக்கவைக்க வந்தவர் மட்டும் எப்படியாவது ஒப்பேற்றிவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். சிரிப்பை இரண்டாந்தரக் கலையாக நினைக்கும் புத்தி இது.

இவ்வளவுக்கும் நம் ஊர் காது பழகாத ஊர் இல்லை. எஃப்.ஜி.நடேச ஐயர் 1914-ல் இங்கே ரசிக ரஞ்சன சபாவைத் தொடங்கினார். சிறுவன் தியாகராஜன், பின்னாளில் பாகவதர், அந்தச் சபாவின் ‘அரிச்சந்திரா’வில் லோகிதாசனாக நின்று பாடிய காலத்தில் குரல்தான் ஒலிபெருக்கி. திருச்சி வானொலி நிலையம் 1939 மே மாதத்தில் தொடங்கியது. ஒரு சொல் எப்படிக் கேட்க வேண்டும் என்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் அன்றிலிருந்து இந்த ஊரில் இருக்கிறார்கள். ஸ்ரீரங்கத்தில் மார்கழிதோறும் அரையர் சேவையில், கூம்புக் குல்லாயும் கைத்தாளமுமாகப் பாசுரத்தைப் பாடி அபிநயிக்கும்போது, ஒரு சொல்லும் தவறிவிடக் கூடாதே என்று கூட்டம் நெருங்கி நின்று காது கொடுக்கிறது. அதே ஜனங்கள்தான் பாலம் தாண்டி வந்து, காசு கொடுத்து, பாதி கேட்காமல் திரும்புகிறார்கள்.

நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் மண்டபத்தை முந்தின நாளே எடுக்க முடியாவிட்டாலும் அன்று பிற்பகல் முழுவதையும் ஒலிக்கு ஒதுக்க வேண்டும். மைக்செட்காரருக்கு ஒத்திகைக்கும் சேர்த்துக் கூலி கொடுங்கள், பாட்டுகளின் வரிசையை அவர் கையில் கொடுங்கள், பின்சுவரில் கனமான திரை தொங்கவிடுங்கள், கம்பியுள்ள மைக் ஒன்றைத் தயாராக வையுங்கள். டிக்கெட் வாங்குகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கேட்கவில்லை என்றால் முதல் பாட்டு முடிந்ததுமே எழுந்து நின்று சொல்லிவிடுங்கள். கலைஞர் கோபித்துக்கொள்ள மாட்டார். அவருக்கும் அது தெரிந்தாக வேண்டும்.