கோப்பையும் மதிப்பீடும்

கோப்பை வாங்காத அணியைப் பெரிய அணி என்று சொல்லக்கூடாது என்பது, எங்கள் வங்கியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஏகமனதாக நிறைவேறும் தீர்மானங்களில் ஒன்று. நான் மட்டும் எதிர்த்து வாக்களித்து வருகிறேன். 1999இன் தென் ஆப்பிரிக்க அணி என் சாட்சி.

அந்த ஆண்டு ஜூன் 17, எட்ஜ்பாஸ்டனில் உலகக் கோப்பை அரை இறுதி. ஆஸ்திரேலியா 213. கடைசி ஓவரில் தென் ஆப்பிரிக்காவுக்கு 9 ரன் வேண்டும். மிச்சம் ஒரே விக்கெட். குளூஸ்னர் முதல் இரண்டு பந்துகளையும் பவுண்டரிக்கு அடித்தார். ஸ்கோர் சமமாயிற்று. மூன்றாவது பந்தில் டொனால்ட் ரன் அவுட் ஆகாமல் தப்பினார். நான்காவது பந்தில் குளூஸ்னர் ஓடி வர, டொனால்ட் நின்றுவிட்டார், மட்டையும் கைநழுவிற்று. ஆட்டம் சமன். சூப்பர் சிக்ஸ் கட்டத்தில் ரன் விகிதத்தால் மேலே இருந்த ஆஸ்திரேலியா இறுதி ஆட்டத்துக்குப் போயிற்று, கோப்பையையும் வாங்கிற்று.

கோப்பை ஒரு விதியின் தீர்ப்பு. 2019 இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்தும் நியூசிலாந்தும் 241. சூப்பர் ஓவரிலும் ஆளுக்கு 15. பவுண்டரிகளை எண்ணி, 26க்கு 17 என்று இங்கிலாந்துக்குக் கொடுத்தார்கள். சில மாதங்களில் அந்த விதியையே எடுத்துவிட்டார்கள். விதி போயிற்று, தீர்ப்பு நிற்கிறது.

இன்னொன்று. இதே தென் ஆப்பிரிக்கா 1998இல் டாக்காவில் ஐ.சி.சி. நாக்அவுட் கோப்பையை வென்றது. இதைச் சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். ஆக, எந்தக் கோப்பை பெறுமானம் உள்ளது என்பதை முதலில் யாராவது மதிப்பிட்டாக வேண்டியிருக்கிறது. மதிப்பிடும் சிரமத்திலிருந்து தப்பத்தான் கோப்பையைக் காட்டுகிறார்கள். அது அங்கேயும் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

நாள் முழுக்க லெட்ஜரோடு புழங்குகிறவன் நான். கடைசி இருப்பு பொய் சொல்வதில்லை. ஆனால் கணக்குக்காரனைத் தெரிந்துகொள்ளப் பக்கங்களைப் புரட்டித்தான் ஆகவேண்டும். 1992இல் பிரிஸ்பேனில் ஜான்டி ரோட்ஸ் பந்தோடு ஸ்டம்புகள்மேல் பாய்ந்து இன்சமாமை ரன் அவுட் ஆக்கியதிலிருந்து, அந்த அணிக்கு எதிராக ஒற்றை ரன் எடுப்பதற்கே யோசிக்கவேண்டியிருந்தது. 1999இல் பின்வரிசையில் இறங்கிய குளூஸ்னர் கைவிட்டுப்போன ஆட்டங்களைத் திருப்பினார். தொடரின் சிறந்த ஆட்டக்காரர் அவரே. ஆட்டம் என்னவெல்லாம் ஆக முடியும் என்ற நம் பிரக்ஞையை விரித்தவர்கள் இவர்கள். பெரியது என்று நான் சொல்வது இதைத்தான்.

ஆனால் இந்த வாதம் சிறுபத்திரிகைக்காரர்களான நமக்கு ரொம்பவும் சௌகரியமானது. 1901இல் முதல் இலக்கிய நோபல் டால்ஸ்டாய்க்குப் போகாமல் சுல்லி புருதோமுக்குப் போனதை நினைவுபடுத்தி, நமக்கு ஒன்றும் கிடைக்காததையே ஒரு தகுதியாக்கிக்கொள்கிறோம். பரிசு மேன்மைக்கு அத்தாட்சி இல்லையென்றால் பரிசின்மையும் இல்லை. அன்று மூன்று பந்துகள் மிச்சமிருக்க, ஒரே ஒரு ரன்னுக்காக நிதானம் இழந்தார்கள். அதைத் துரதிர்ஷ்டம் என்று சொல்லித் தள்ளுபடி செய்ய எனக்குச் சம்மதமில்லை. அதுவும் அவர்கள் கணக்கில் ஒரு பற்றுதான், எழுதித்தான் கூட்டவேண்டும்.

எழுதிக் கூட்டிய பிறகும், அனுதாபத்தில் காலணா சேர்க்காமலே, என் கணக்கில் அது பெரிய அணி.