கண்டி ராஜாவும் நான்கு குதிரைகளும்

மதுரை நாயக்கர் வழிவந்த கடைசிக் கண்டி மன்னன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் அமைத்த ஏரியின் கரையிலே எழிலுற விளங்குகிறது தலதா மாளிகை. அதன் வளாகத்திலுள்ள காட்சிச்சாலை ஒன்றில், பாடம் செய்யப்பட்ட கொம்பன் யானை கம்பீரமாக நிற்கிறது. அதுவே புகழ்பெற்ற 'ராஜா'. சிறுவர்கள் அதன் தந்தங்களை வியந்து பார்த்துவிட்டு அப்பால் செல்கின்றனர். அங்கே அவர்களுக்கு ஒரு பாடமும் உண்டு.

மட்டக்களப்பை அடுத்த ஏறாவூர்க் காட்டில் 1925ஆம் ஆண்டில் பிடிபட்ட இந்த யானை, 1950 முதல் ஏறத்தாழ 37 ஆண்டுகள் எசலப் பெரஹராவில் புனிதப் பேழையைச் சுமந்தது. 1986இல் தேசியச் செல்வம் எனப் போற்றப்பட்டு, 1988இல் உயிர் நீத்தது.

பேழை சுமக்கும் யானையைத் தேர்வது எளிதன்று. இலங்கை ஆண் யானைகளுள் கொம்புள்ளவை நூற்றுக்குப் பத்திலும் குறைவு. அவற்றுள்ளும் நான்கு பாதங்கள், துதிக்கை, வால் முதலாக ஏழு உறுப்புகள் நிலந்தொட வேண்டும் என்பது மரபு. அழகு மட்டும் போதுமா? தீப்பந்தங்களுக்கும் மேள முழக்கத்துக்கும் இடையே, பெருந்திரளான மக்கள் நடுவே அது மிரளாது நடத்தல் வேண்டும். தேர்வு பிழைத்தால் உயிர்ச்சேதம் நேரும்.

தேர்ந்தெடுக்கும் இக்கலையை அமெரிக்க நாட்டு 'ஃபோர்-எச்' கழகங்கள் இளைஞர்க்குக் குதிரைகளைக் கொண்டு பயிற்றுகின்றன. நான்கு குதிரைகளை நிறுத்துவர். மாணவர் அவற்றின் கால், தோள், முதுகு, நடை ஆகியவற்றை நோக்கி முதல், இரண்டு, மூன்று, நான்கு என வரிசைப்படுத்துவர். நடுவரின் வரிசையோடு முற்றும் ஒத்திருந்தால் 50 மதிப்பெண். ஏறக்குறைய நிகரான இரண்டை இடம் மாற்றினால் சிறிதே குறையும். தெளிவான வேற்றுமையைக் காணத் தவறினால் பெரிதும் குறையும். பின்னர், தாம் அவ்வாறு தேர்ந்த காரணத்தை இரண்டு நிமிடத்துக்குள் வாய்மொழியாகக் கூறுதல் வேண்டும்.

இந்தக் கடைசிப் பகுதியே உயிரானது. குறையற்ற குதிரை எதுவும் அங்கே நிற்பதில்லை. எந்தக் குறையைப் பொறுக்கலாம், எதனைப் பொறுக்கலாகாது என்று நிறுத்துப் பார்த்து, 'இதனால் இதுவே சிறந்தது' எனத் துணிந்து உரைக்கும் பிள்ளை, நாளைக்குப் பாடத்தையும் தொழிலையும் நண்பரையும் அவ்வாறே தெரிந்துகொள்ளும். தெரிந்து தெளிதலுக்கென்றே வள்ளுவர் ஓர் அதிகாரம் வகுத்தாரன்றோ!

நம் வீடுகளில் பெரியோர் முடிவு செய்கின்றனர், பிள்ளைகள் தலையசைக்கின்றனர். காரணம் கேட்கும் வழக்கமும் இல்லை, கூறும் பழக்கமும் இல்லை. விழாக் காலத்தில் கண்டிக்கு யானைகள் பல வந்து சேரும். பெற்றோரே, அவற்றுள் நான்கினைத் தொலைவில் நின்றே காட்டி, வரிசைப்படுத்துமாறு பிள்ளைகளிடம் கூறுங்கள். 'ஏன்?' என்று ஒருமுறை கேளுங்கள். அவர்கள் சொல்லும் காரணத்தைக் குறுக்கிடாது இறுதிவரை கேட்பதே நீங்கள் செய்யவேண்டிய பேருதவி.