‘‘சார், எந்த காலேஜ்ல சேர்க்கலாம்?’’ - திருவந்திபுரத்து அட்மிஷன் பிரதிநிதியின் கோடைக்காலம்

கடலூரிலிருந்து மேற்கே சில கிலோமீட்டர் போனால் திருவந்திபுரம். கெடிலம் ஆற்றங்கரையில் தேவநாத சுவாமி கோயில், பக்கத்திலேயே ஔஷதகிரி மலை, மலை மேல் ஹயக்ரீவர் சந்நிதி. கல்விக்குரிய தெய்வம் என்பதால், பொதுத்தேர்வு நெருங்கும் நாள்களில் பேனாவும் ஹால் டிக்கெட்டுமாகப் படியேறும் பிள்ளைகளை இங்கே பார்க்கலாம். மே மாதம் ரிசல்ட் வந்துவிட்டால் கதை மாறும். சாமியிடம் கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று. இனி கேட்க வேண்டியது மனிதர்களிடம். அப்படி இந்தப் பக்கத்து ஜனங்கள் தேடிவரும் மனிதர்களில் ஒருவர்தான் அவர்.

வயது இருபத்தேழு. வெளி மாவட்டத்தில் இருக்கும் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் பிரதிநிதி. விசிட்டிங் கார்டில் ‘அட்மிஷன் கவுன்சலர்’ என்று இருக்கும். ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ‘காலேஜுக்கு ஆள் சேக்கிற தம்பி’ என்றுதான் சொல்வார்கள். ஆரம்பத்தில் அது அவருக்குச் சுருக்கென்று இருந்தது. இப்போது பழகிவிட்டது.

பைக்கின் முன்னால் ஒரு பை. அதில் கலர் கலராக நோட்டீஸ்கள், கட்டண அட்டவணை, ரசீது புத்தகம். நெல்லிக்குப்பம், பாலூர், பண்ருட்டி என்று ஒரு நாளைக்கு அறுபது, எழுபது கிலோமீட்டர். முகூர்த்த நாள் என்றால் வெளியூர் போகவே வேண்டாம். திருவந்திபுரத்தில் ஒரே நாளில் எத்தனை கல்யாணங்கள் நடக்கும் என்பது கடலூர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரர் ஆரம்பித்துவிடுவார். ‘‘ஏன் தம்பி, நம்ம பையன் நானூத்தி இருபது எடுத்திருக்கான். கம்ப்யூட்டர் கெடைக்குமா?’’

சம்பளம் ஒரு பக்கம், டார்கெட் ஒரு பக்கம்

இந்த வேலையின் கணக்கு எளிமையானது. மாதச் சம்பளம் உண்டு. ஆனால், சீசன் முடிவதற்குள் இத்தனை பேரைச் சேர்க்க வேண்டும் என்று ஓர் எண் உண்டு. அதைத் தாண்டினால் ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஊக்கத்தொகை. தாண்டாவிட்டால் அடுத்த வருடம் வேலை இருக்குமா என்பது சந்தேகம். தினமும் இரவு எட்டு மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் அன்றைய எண்ணிக்கையைப் போட வேண்டும். பூஜ்யம் போட்ட நாள்களில் மேலாளரிடமிருந்து போன் வரும்.

அதனால்தான் தனியார் நிறுவனங்களின் பிரதிநிதிகள் ரிசல்ட் வரும்வரை காத்திருப்பதில்லை. பிள்ளைகள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருக்கும்போதே வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். ‘‘இப்பவே பத்தாயிரம் கட்டி சீட்டைப் பிடிச்சு வெச்சுக்குங்க. அப்புறம் கெடைக்காது’’ என்பதுதான் எல்லோரும் சொல்லும் வாக்கியம். அரசின் பொறியியல் கலந்தாய்வு நடந்து முடிய ஆகஸ்ட், செப்டம்பர்கூட ஆகும். அதற்குள் பயந்துபோன பெற்றோர் எங்காவது பணத்தைக் கட்டியிருப்பார்கள். அந்தப் பயத்தின் மேல்தான் இந்தத் தொழிலின் பாதி நிற்கிறது.

இதை அவர் மறைப்பதில்லை. ‘‘நான் விக்கிறவன்தான். ஆனா எதை விக்கிறேன்னு வாங்கறவங்களுக்குத் தெரியணும்’’ என்பார். அதற்குக் காரணம் இருக்கிறது. அவர் வீட்டில் அவர்தான் முதல் பட்டதாரி. அவர் படித்த காலத்தில் முதல் பட்டதாரிச் சலுகை என்று ஒன்று இருப்பதையே யாரும் சொல்லவில்லை. ஏஜென்ட் ஒருவர் மூலம் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தார். கலந்தாய்வு வழியாகப் போயிருந்தால் கட்டணத்தில் கழிந்திருக்க வேண்டிய தொகையை, அப்பா வட்டிக்கு வாங்கிக் கட்டினார். அந்தக் கடன் அடைய ஆறு வருடம் ஆனது.

நூற்று ஐம்பத்தெட்டு

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு மே மாதம். பாலூரைத் தாண்டி ஒரு கிராமம். அப்பா முந்திரி உடைக்கும் கம்பெனியில் கூலி வேலை. மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருந்தாள். ‘‘தம்பி, ஒங்க காலேஜ்லயே போட்டுடுங்க. பணம் பத்தாயிரம் ரெடியா இருக்கு’’ என்று அப்பா மஞ்சள் பையை எடுத்து வைத்தார். பையில் பணம் மட்டுமல்ல, மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் என எல்லா ஒரிஜினல்களும் இருந்தன.

அவருடைய எண்ணிக்கைக்கு அந்த வாரம் இரண்டு சேர்க்கை குறைவு.

பழக்கத்தில் மதிப்பெண் பட்டியலைப் பார்த்தார். கணிதம் 82, இயற்பியல் 74, வேதியியல் 78. பொறியியல் கட்-ஆஃப் என்பது 200-க்குக் கணக்கிடப்படுவது. கணித மதிப்பெண் அப்படியே 100-க்கு, இயற்பியலும் வேதியியலும் பாதியாகக் குறைக்கப்பட்டு 50, 50-க்கு. அப்படிப் பார்த்தால் 82, 37, 39. மொத்தம் 158.

‘‘ஆறாவதுலேருந்து எங்கம்மா படிச்ச?’’

‘‘எல்லாமே கவர்மென்ட் ஸ்கூல்தான் அண்ணா.’’

அந்த ஒரு பதிலில் கணக்கு மாறிவிட்டது. தமிழ்நாட்டில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு, பொறியியல், வேளாண்மை உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021 முதல் 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு உண்டு. மருத்துவத்துக்கு அது 2020-லேயே வந்துவிட்டது. இந்த ஒதுக்கீட்டில் கலந்தாய்வு வழியாகப் பொறியியல் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. விண்ணப்பக் கட்டணம் 500 ரூபாய். பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 250. பக்கத்திலேயே பண்ருட்டியில் அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரி இருக்கிறது. விழுப்புரத்திலும் இருக்கிறது.

பையைத் திருப்பிக் கொடுத்தார். ‘‘ஐயா, இப்ப எங்க காலேஜ்ல பணம் கட்டாதீங்க. கலந்தாய்வுக்கு அப்ளை பண்ணுங்க. பாப்பா அதுலயே போயிடும்’’ என்றார்.

அப்பா முகத்தில் சந்தோஷம் இல்லை, சந்தேகம்தான் வந்தது. ஆள் சேர்க்க வந்தவன் ஏன் வேண்டாம் என்கிறான்? மகளுக்கு மதிப்பெண் போதவில்லையோ? அன்றைக்கு அரை மணி நேரம் அவர் பேசியது முழுக்க, தன் கல்லூரியில் ஏன் இப்போது சேர வேண்டாம் என்பதைப் பற்றித்தான். இ-சேவை மையத்தில் என்னென்ன சான்றிதழ் வாங்க வேண்டும் என்று தன் கல்லூரி நோட்டீஸின் பின்பக்கத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

இரவு எட்டு மணிக்குக் குழுவில் பூஜ்யம் போட்டார். போன் வந்தது. ‘‘கையில வந்த அட்மிஷனை விட்டுட்டு வந்தியாமே?’’ எப்படித் தெரிந்ததோ. கூட வந்திருந்த இன்னொரு பிரதிநிதி சொல்லியிருக்கலாம். அந்த வருடம் அவருக்கு ஊக்கத்தொகை கிடைக்கவில்லை. வேலை போகவில்லை, அவ்வளவுதான். அந்தப் பெண்ணுக்கு ஆகஸ்டில் அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்தது. மாதாமாதம் புதுமைப்பெண் திட்டத்தில் 1,000 ரூபாயும் வருகிறது. 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்ட திட்டம் அது. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது.

எல்லோரையும் இப்படித் திருப்பி அனுப்புவதில்லை. கலந்தாய்வில் விரும்பிய பாடம் கிடைக்காதவர்கள், கட்டணம் கட்ட வசதியுள்ளவர்கள், அவருடைய பல்கலைக்கழகத்தில் மட்டுமே இருக்கும் ஒரு படிப்பைக் கேட்டு வருபவர்கள் என்று அவர் கல்லூரிக்குப் பொருத்தமான பிள்ளைகளும் நிறைய உண்டு. அவர்களை மனசு உறுத்தாமல் சேர்க்கிறார். அடுத்த வருடம் எண்ணிக்கையை எட்டினார். அதில் நான்கு பேர் அந்த முந்திரித் தொழிலாளி அனுப்பிவைத்தவர்கள்.

பக்கத்து ஊர் சொல்லிக்கொடுத்த பாடம்

கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்குக் கல்லூரிக் கட்டணத்தைப் பற்றிப் பேசும்போது சிதம்பரம் நினைவுக்கு வராமல் இருக்காது. ராஜா சர் அண்ணாமலை செட்டியார் 1929-ல் உருவாக்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை, நிதி நெருக்கடிக்குப் பிறகு 2013-ல் தனிச் சட்டம் போட்டுத் தமிழக அரசு ஏற்றது. ஆனாலும், அதன் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். கட்டணம் ஆண்டுக்கு ஐந்து லட்சத்தைத் தாண்டியே இருந்தது. மற்ற அரசு மருத்துவக் கல்லூரிகளில் அப்போது 13,610 ரூபாய். மாணவர்கள் 2020 டிசம்பரில் போராட்டத்தில் இறங்கினார்கள். ஐம்பது நாள்களைத் தாண்டி நடந்தது. 2021-ன் தொடக்கத்தில் கல்லூரி சுகாதாரத்துறைக்கு மாற்றப்பட்டு, அரசுக் கட்டணம் வந்தது. அதே கட்டடம், அதே பேராசிரியர்கள். யார் நடத்துகிறார்கள், எந்த ஒதுக்கீட்டில் சேர்கிறோம் என்பதில்தான் லட்சங்கள் மாறுகின்றன.

இன்னொரு பாடம் அஞ்சல் வழிப் படிப்பில். 1979-ல் அண்ணாமலை தொடங்கிய தொலைதூரக் கல்வியில், வேலை பார்த்துக்கொண்டே பட்டம் வாங்கியவர்கள் தமிழ்நாட்டில் எந்தத் தெருவிலும் இருப்பார்கள். 2022 மார்ச் மாதம், அந்தப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரப் படிப்புகளுக்கு 2014-15 கல்வியாண்டுவரைதான் அங்கீகாரம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. பொது அறிவிப்பு வெளியிட்டது. நேரடி வகுப்புகளுக்கும் அந்த அறிவிப்புக்கும் சம்பந்தமில்லை. ஆனால், இடைப்பட்ட ஆண்டுகளில் தொலைதூரத்தில் சேர்ந்தவர்கள் பட்டம் செல்லுமா என்று பதறிப்போனார்கள். பெரிய பெயர் என்றாலும், நாம் சேரும் ஆண்டில், நாம் சேரும் பாடத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று யு.ஜி.சி.யின் தொலைதூரக் கல்விப் பிரிவு இணையதளத்தில் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். தொலைதூரப் படிப்பு கேட்டு வருகிறவர்களிடம், அவரே போனை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுகிறார்.

பணம் கட்டுவதற்கு முன்

தன்னிடம் வரும் பெற்றோருக்கு அவர் சொல்லும் விஷயங்கள் எந்தக் கல்லூரிக்கும் பொருந்தும்.

* ஒரிஜினல் சான்றிதழ்களைக் கையை விட்டு விடாதீர்கள். கல்லூரிகள் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும் என்பது 2018-ல் யு.ஜி.சி. வெளியிட்ட அறிவிப்பு.

* சேர்ந்த பிறகு வேண்டாம் என்றாலும் பணம் திரும்பக் கிடைக்கும். அதே அறிவிப்பின்படி, சேர்க்கைக்கான கடைசித் தேதிக்கு 15 நாள்களுக்கு முன்பே விலகினால், செயலாக்கக் கட்டணமாக ஒரு சிறு தொகை போக மீதிக் கட்டணம் முழுவதையும் தர வேண்டும். தாமதமாக ஆக, திரும்பும் தொகை குறையும். கடைசித் தேதி தாண்டி 30 நாள்கள் ஆகிவிட்டால் எதுவும் கிடைக்காது. எனவே, விலகுவதை எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

* ‘டொனேஷன்’ என்று யாராவது ரசீதில்லாமல் கேட்டால், அது 1992-லேயே தமிழ்நாடு சட்டம் போட்டுத் தடுத்த விஷயம். ரசீது இல்லாத ஒரு ரூபாயும் வேண்டாம்.

* முதல் பட்டதாரிச் சலுகை வேண்டுமென்றால் கலந்தாய்வு வழியாகத்தான் வர வேண்டும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடையாது.

* முதலாம் ஆண்டுக் கட்டணத்தை மட்டும் கேட்காதீர்கள். நான்கு வருடத்துக்கும் சேர்த்து, தேர்வு, பஸ், விடுதி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்.

கலைக் கல்லூரி போதும் என்பவர்களுக்கு தேவனாம்பட்டினத்துப் பெரியார் அரசு கலைக் கல்லூரிக்கு இணையத்தில் எப்படி விண்ணப்பிப்பது என்றும் சொல்லிவிடுகிறார். அது அவர் வேலையில் சேராது. ‘‘கேக்கறவங்களுக்குத் தெரியாதுன்னு சொன்னா பொய்யாயிடும்ல’’ என்கிறார்.

சீசன் முடிந்த பிறகு

செப்டம்பரில் வாட்ஸ்அப் குழு அடங்கிவிடும். பைக்கிலிருந்து நோட்டீஸ் பை இறங்கிவிடும். ஆனால் போன் அடங்குவதில்லை. அழைப்பது பெற்றோர் அல்ல, பிள்ளைகள்.

‘‘அண்ணா, வகுப்புல எல்லாம் இங்கிலீஷ்லயே நடத்துறாங்க. ஒண்ணும் புரியல.’’ ‘‘அண்ணா, ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கல.’’ ‘‘அண்ணா, முதல் செமஸ்டர்ல நாலு அரியர். வீட்ல சொல்லிடாதீங்க.’’

இதற்கெல்லாம் ஊக்கத்தொகை கிடையாது. சேர்த்துவிட்டதோடு பிரதிநிதியின் வேலை முடிந்தது என்பதுதான் நிறுவனத்தின் கணக்கு. ஆனால், அந்தப் பிள்ளைக்கு அந்தப் பெரிய வளாகத்தில் முன்பே தெரிந்த ஒரே ஆள், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டுப் போன இவர்தான்.

போன டிசம்பரில் நெல்லிக்குப்பத்துப் பையன் ஒருவன் இரவு பதினொரு மணிக்கு அழைத்தான். படிப்பை விட்டுவிட்டு சென்னையில் டெலிவரி வேலைக்குப் போவதாகச் சொன்னான். இவர் புத்திமதி எதுவும் சொல்லவில்லை. எத்தனை பாடத்தில் அரியர், எதெது என்று மட்டும் கேட்டார். ஆறில் இரண்டு, கணிதம் சம்பந்தப்பட்டவை. மறுநாள் காலை பஸ் பிடித்து வளாகத்துக்குப் போய், அவனை வகுப்பு ஆலோசகரிடம் கூட்டிப் போனார். தமிழில் விளக்கும் ஒரு சீனியர் மாணவனைக் கண்டுபிடித்து, சாயங்காலம் ஒரு மணி நேரம் உட்கார வைக்க ஏற்பாடு செய்தார். அப்பாவிடம் பேசும்போது அரியர் கதையைச் சொல்லவில்லை. ‘‘பொங்கலுக்கு வரும்போது பையனை ரெண்டு நாள் சேத்து வெச்சுக்குங்க’’ என்று மட்டும் சொன்னார்.

பையன் ஏப்ரலில் ஓர் அரியரை முடித்துவிட்டான். இன்னொன்று பாக்கி இருக்கிறது.

அவர் போனில் இந்தப் பிள்ளைகளின் எண்கள் ஊரும் படிப்புமாகப் பதிவாகியிருக்கின்றன. ‘பாலூர் பி.சி.ஏ.’, ‘நெல்லிக்குப்பம் மெக்கானிக்கல்’, ‘பண்ருட்டி பி.காம்.’ என்று. படிப்பை முடித்து வேலைக்குப் போனவர்களின் பெயரையும் அவர் மாற்றவில்லை. அந்தப் பட்டியலில் ‘பாலூர் 158’ என்றும் ஓர் எண் இருக்கிறது. அவர் சேர்க்காத ஒரே மாணவி. இப்போது மூன்றாம் ஆண்டு. தன் கிராமத்தில் இந்த வருடம் பிளஸ் டூ முடித்த ஆறு பேரின் மதிப்பெண் பட்டியலைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறாள். ‘இவங்களுக்கு எது சரிவரும்னு பாத்துச் சொல்லுங்க அண்ணா’ என்று கீழே ஒரு வரி. அதில் இரண்டு பேருக்கு அவருடைய கல்லூரி சரிவரும்.