619 கிலோ ஓம்

கும்மிடிப்பூண்டி ஆலைகளின் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்காக அலையும் நண்பர் ஒருவர் சொன்னார்: "ஆரம்பாக்கத்துல ஒரு போன் கடைக்காரர் இருக்கார். இயர்போன் ஓட்டை செத்துப்போன பழைய போனை, சார்ஜ் போடுற ஓட்டை வழியா பாட வெக்கிறார். லாரிக்காரங்க தேடிக்கினு வர்றாங்க. இன்னும் கொஞ்ச நாள்ல அந்த வேலையே இருக்காது. போய்ப் பாருங்க."

சென்னையிலிருந்து வடக்கே போகும் ரயில் பாதையில் தமிழ்நாட்டின் கடைசி நிலையம் ஆரம்பாக்கம். அடுத்த நிலையம் தடா, அது ஆந்திரம். கிழக்கே பழவேற்காடு ஏரி. தெற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் இரும்பு உருட்டாலைகள். எல்லைக்கு அந்தப் பக்கம் ஸ்ரீசிட்டி. ஷியோமி நிறுவனம் இந்தியாவில் முதன்முதலாகப் பூட்டிய ரெட்மி 2 பிரைம் போன் 2015 ஆகஸ்டில் அங்கிருந்த பாக்ஸ்கான் ஆலையிலிருந்துதான் வெளியே வந்தது. ஊரை ஒட்டி தேசிய நெடுஞ்சாலை 16 ஓடுகிறது.

இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வெளியே நிற்க வேண்டிய கடை. தன் பெயரைப் போட வேண்டாம் என்றார். நாற்பதைத் தாண்டியவர். நான் அண்ணன் என்றேன், அவர் சார் என்றார், கடைசிவரை அது மாறவில்லை. பையன் ஒருவன் கொண்டுவந்த போனைக் கவிழ்த்து ஸ்பீக்கர் வலையைக் காட்டினார். கரியாக ஏதோ அப்பியிருந்தது. "இரும்புத் தூள் சார். ரோலிங் மில்லுல வேலை செய்யறவன் போனு. ஸ்பீக்கருக்குள்ள காந்தம் இருக்கில்ல, அது இழுத்து வெச்சுக்கும். இதைப் பார்த்தே எந்த வேலைன்னு சொல்லிடுவேன்."

நான் பார்க்க வந்த வேலையோடு ஒரு லாரி டிரைவர் வந்தார். பழைய சாம்சங் கேலக்ஸி எஸ்2. அதில் சிம் இல்லை, மெமரி கார்டு நிறையப் பாட்டு மட்டும்தான். இப்படி ஓய்வுபெற்ற போன்கள் நிறைய லாரிகளின் டாஷ்போர்டில் உட்கார்ந்திருக்கின்றன. இயர்போன் ஓட்டையில் ஆக்ஸ் ஒயரைச் செருகிச் செட்டுக்குக் கொடுப்பார்கள். குலுங்கிக் குலுங்கி முதலில் சாவது அந்த ஓட்டைதான். டிரைவர் தெலுங்கில் கேட்க, இவர் தெலுங்கிலேயே ஒரு ரேட் சொன்னார்.

வேலையின் சூட்சுமம் இது. அந்தக் கால மைக்ரோ யூ.எஸ்.பி. வாயில் ஐந்து பின். ஒன்றில் ஐந்து வோல்ட், ஒன்றில் கிரவுண்ட், இரண்டில் டேட்டா. மிச்சமிருக்கும் நாலாம் நம்பர் பின்னுக்குச் சாதாரணச் சார்ஜர் ஒயரில் இணைப்பே கிடையாது. ஆனால் போனுக்குள் இருக்கும் ஒரு குட்டி ஐ.சி., அந்தப் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே எவ்வளவு மின்தடை இருக்கிறது என்று அளந்துகொண்டே இருக்கும். தட்டுகிற தட்டை வைத்தே வாசலில் நிற்பது பால்காரரா தபால்காரரா என்று வீட்டம்மா சொல்வதுபோல, அந்த அளவை வைத்து வந்திருப்பது எது என்று அது முடிவு செய்யும். 301 கிலோ ஓம் என்றால் ரிப்பேர்காரர் வந்திருக்கிறார் என்று டவுன்லோடு நிலைக்குப் போகும். ரிப்பேர் கடைகளில் 'ஜிக்' என்று சொல்லப்படுவது இதுதான். 619 கிலோ ஓம் என்றால் கார் டாக்கில், அதாவது வண்டியில் போனைப் பொருத்தும் தாங்கியில், உட்கார வைத்திருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளும். உடனே டேட்டா ஓடிய இரண்டு கம்பிகளையும் விடுவித்து, ஒன்றில் இடது ஒலியையும் மற்றதில் வலது ஒலியையும் அனுப்பும். 2010-இல் வந்த கேலக்ஸி எஸ், அடுத்த ஆண்டு வந்த எஸ்2 போன்றவற்றில் இந்த வசதி பிறக்கும்போதே இருந்தது. விலை கூடிய டாக்கை வாங்கினால் தானாகக் கிடைக்கும். அவர் செய்வது, அந்த டாக்கை ஒரு ஒயருக்குள் அடக்குவது.

இது சாம்சங்கின் தனி வித்தை அல்ல. ஆப்பிள் 2003-இல் ஐபாடுக்குக் கொண்டுவந்த முப்பது பின் வாயிலும் ஒலிக்கென்றே தனிப் பின்கள் இருந்தன. வந்திருப்பது யார் என்பதைச் சொல்ல, 21-ஆம் பின்னில் ஒரு ரெசிஸ்டர். அதற்கு முந்தைய ஆண்டே நோக்கியாவின் பாப்போர்ட் பதினான்கு பின்னோடு வந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு நோட்டு இருக்கிறது, பின் படங்களைக் கையால் வரைந்து.

சால்டரிங் அயர்னைத்தான் எதிர்பார்த்துப் போயிருந்தேன். அதை அவர் தொட்டது சில நிமிடங்கள். வேலை முழுக்க மல்டிமீட்டரில் நடந்தது. 619 என்ற மதிப்பில் ரெசிஸ்டர் சாதாரணக் கடையில் கிடைக்காது. 560, 56, 2.7 என்று மூன்றை வரிசையாகச் சேர்த்தால் 618.7 வரும். கணக்கு அவ்வளவுதான். ஆனால் சென்னை ரிச்சி தெருவின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கொத்தாக அள்ளி வருபவை தங்கக் கோடு போட்ட ரெசிஸ்டர்கள், ஐந்து சதவீதம் முன்பின் இருக்கலாம். 560 என்று போட்டிருப்பது 532-ஆகவும் இருக்கும், 588-ஆகவும் இருக்கும். ஐ.சி.க்கு அந்தத் தாராளம் ஆகாது. பக்கத்து மதிப்புக்கு நகர்ந்துவிட்டால் போன் வேறு யாரோ வந்ததாக நினைத்துக்கொள்ளும். ஆகவே தட்டு நிறைய ரெசிஸ்டரைக் கொட்டி, ஒவ்வொன்றாக மீட்டரின் இரண்டு முள்ளுக்கு நடுவே வைத்து அளந்து, காகிதத் துண்டில் எழுதி ஒதுக்குகிறார். விரல் பட்டால் உடம்பின் தடையும் கணக்கில் சேர்ந்துவிடும் என்பதால் பிளாஸ்டிக் சிமிட்டாவால்தான் பிடிக்கிறார்.

அந்த மீட்டர் மஞ்சள் நிறம் வெளுத்து, திருகும் குமிழில் எழுத்து அழிந்துபோன ஒன்று. எந்தத் திருப்பில் எது என்பது அவர் கைக்குத் தெரியும். பழைய போன் போர்டு ஒன்றில் ஒயர் அறுந்த இடத்தையும் அதை வைத்தே கண்டுபிடித்தார். முள்ளை நகர்த்திக்கொண்டே போனார், 'பீப்' கேட்டது, கேட்டது, ஓரிடத்தில் கேட்கவில்லை. தலைமுடி போன்ற செப்புக் கம்பியில் அந்த இடத்துக்கு ஒரு ஜம்பர் அடித்தார். கண் திரையில் இல்லை, காதால்தான் பார்க்கிறார்.

செட்டிங்கில் டாக் என்ற பகுதிக்குப் போய் ஒலியை வெளியே திருப்பும் வேலையும், சில போன்களில் அதற்கு முன் மென்பொருளை மாற்றும் வேலையும் உண்டு. அதற்குள் போக எனக்குப் பொறுமை இல்லை. அதற்குப் பிறகு வந்த தொல்லை சுவாரசியமானது. லாரியில் மாட்டியதும் பாட்டோடு 'ஙொய்' என்று ஒரு சத்தம், ஆக்சிலேட்டர் மிதித்தால் கூடவே ஏறியது. 24 வோல்ட்டை ஐந்தாக இறக்கும் சார்ஜர் ஒரு கிரவுண்ட், செட்டு ஒரு கிரவுண்ட், நடுவில் போன். இரண்டு வழியிலும் சுற்றும் மின்சாரம் ஆல்டர்நேட்டரின் இரைச்சலைப் பாட்டுக்குள் கொண்டுவருகிறது. ஒலிக் கம்பிகளுக்கு நடுவே விரல் நுனி அளவு டிரான்ஸ்பார்மர் இரண்டை வைத்து, கம்பித் தொடர்பே இல்லாமல் காந்தம் வழியாக ஒலியைத் தாண்டவிட்டார். சத்தம் நின்றது.

ஐ.டி.ஐ. முடித்து உருட்டாலையில் ஒப்பந்தக் கூலியாகச் சேர்ந்தவர் அவர். சூடு தாங்காமல் விட்டுவிட்டு ரிச்சி தெருவில் ஒருவரிடம் எடுபிடியாக இருந்து தொழில் பழகினார். ஊருக்குத் திரும்பிக் கடை போட்டபோது எல்லையில் லாரிகள் மணிக்கணக்கில் நிற்கும். இந்தப் பக்கம் எளாவூர், அந்தப் பக்கம் பி.வி.பாளையம் சோதனைச் சாவடிகள். காத்திருக்கும் டிரைவர்கள்தான் வாடிக்கையாளர்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து வணிகவரிச் சோதனை போனதும் லாரிகள் நிற்பது குறைந்தது. மனைவி எல்லைக்கு அந்தப் பக்கம் போன் பூட்டும் ஆலைக்குப் போகிறார். "அவ நாள் பூரா மூடறா, நான் நாள் பூரா தெறக்கறேன்" என்று சிரித்தார்.

டிரைவரிடம் 350 ரூபாய் கேட்டார். "மூணு ரெசிஸ்டர், மூணு ரூபா பெறாது" என்று டிரைவர் பேரம் பேசி, 200-இல் வந்து நின்றது. டிஸ்பிளே மாற்ற வந்த இன்னொருவர் 1,800 ரூபாயை எண்ணி வைத்துவிட்டுப் போனார். அந்த வேலை அரை மணி நேரம்கூட இல்லை, அதில் அவருக்கு மிஞ்சியதும் 200 ரூபாய்தான். மிச்சம் டிஸ்பிளே வந்த வழியில் நிற்கிறவர்களுக்கு: ஷென்சென், டெல்லி கப்பார் மார்க்கெட், ரிச்சி தெரு, அங்கிருந்து வண்டியில் எடுத்து வரும் சப்ளையர். ஒவ்வொரு கையிலும் ஒரு லாபம் ஒட்டிக்கொள்கிறது. ஒரிஜினல், ஏ கிரேடு, காப்பி என்று பெயர் சூட்டுவதும் அவர்களே. மாட்டிய மறுமாதம் கோடு விழுந்தால் வாடிக்கையாளர் சட்டையைப் பிடிப்பது மட்டும் ஆரம்பாக்கத்துக்காரரை.

எனக்குக் கோபம் வந்தது வேறு இடத்தில். போர்டின் சர்க்யூட் படத்தை நிறுவனங்கள் இவர்களுக்குத் தருவதில்லை. எங்கிருந்தோ கசிந்த படங்களை யாரோ தொகுத்து, ஆண்டுச் சந்தாவுக்கு விற்கிறார்கள். அதற்கும் இவர் பணம் கட்டுகிறார். ரிப்பேர் உரிமைக்காக ஒன்றிய நுகர்வோர் துறை 2022 ஜூலையில் குழு அமைத்தது, டிசம்பரில் இணையதளமும் திறந்தது. மொபைல் போனும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் அந்தப் பேச்செல்லாம் வாங்கியவரின் உரிமையைப் பற்றியது. பழுது பார்க்கிறவரின் கூலி அதில் எங்கே? அறிவு இந்தக் கடைக்குள் வரும்போது சந்தா கட்டி வருகிறது, கடையை விட்டுப் போகும்போது மூன்று ரெசிஸ்டரின் விலைக்குப் போகிறது. பொருளை மாற்றினால் காசு, பொருளே மாற்றாமல் சரிசெய்தால் பேரம். அதனால்தான் பல கடைகளில் ஜம்பர் அடித்தால் பிழைக்கும் போர்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது மாட்டுகிறார்கள். அவர்களுக்கு வேலை தெரியாமல் இல்லை. தெரிந்த வேலைக்குக் கூலி இல்லை.

காலமும் நெருக்குகிறது. ஐபோன் 7 வந்த 2016-க்குப் பிறகு இயர்போன் ஓட்டையே இல்லாத போன்கள் பெருகிவிட்டன. டைப்-சி விதிமுறையில் ஒலியை நேரடியாக அனுப்பும் வழி எழுதப்பட்டிருந்தாலும், நிறைய போன்கள் அதைச் செய்வதில்லை. அவற்றிலிருந்து வருவது எண்களாக்கிய ஒலி, ஒயருக்குள் ஒரு சிப் இருந்தால்தான் பாட்டாகும். "அதுக்கெல்லாம் ரெசிஸ்டர் வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது சார். டாங்கிள் வாங்கிக்கோன்னு அனுப்பிடுவேன்" என்றார். அந்த டாங்கிளையும் விற்பது சப்ளையர்தான்.

சுவரில் 'செக்கிங் சார்ஜ் ரூ. 100' என்று ஒரு அட்டை, பாதி கிழிந்து தொங்கியது. சாலையில் உள்ள கடைக்காரர்கள் பேசிவைத்து எல்லோரும் மாட்டியதாம். ஒருவர் முதலில் எடுத்துவிட்டார், கூட்டம் அங்கே போனது, மற்றவர்களும் எடுத்தார்கள். "இந்த தடவை எளாவூரு, கும்மிடிப்பூண்டி கடைக்காரங்களையும் சேர்த்துக்கினு பேசலாம்னு இருக்கோம். போனைத் தெறந்து பார்த்தா நூறு. சரியானாலும் நூறு, ஆகலைன்னாலும் நூறு. டாக்டருக்குக் குடுக்கறாங்க இல்ல?" என்றார். கூட்டத்துக்கு நண்பரும் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். நூறு என்பது குறைவு, நூற்றைம்பது கேளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.