காலிங்கராயன் ஒதுங்கிய தண்ணீர்

பவானி கூடுதுறைக்குச் செல்லும் அன்பர்கள் செய்வதையே நானும் நாற்பது ஆண்டுகளாகச் செய்துவந்தேன். ஆற்றில் மூழ்கி எழுவது, சங்கமேசுவரரையும் வேதநாயகி அம்மையையும் தரிசிப்பது, கோவை ஆட்சியராயிருந்த வில்லியம் காரோ துரை 1804-ஆம் ஆண்டு அம்மைக்குக் காணிக்கையாக்கிய தந்தக் கட்டிலைப் பற்றி உடன்வந்த பிள்ளைகளுக்குச் சொல்வது, பின்னர் கோவைக்குப் பேருந்து ஏறுவது. கோயிலுக்குச் சற்று மேலே, பவானி ஆறு காவிரியோடு கலப்பதற்கு முன்னால், ஏழு நூற்றாண்டுகளைக் கடந்த அணை ஒன்று இருப்பதை அறிந்திருந்தும் ஒருமுறையேனும் அங்கே சென்றதில்லை. இவ்வாண்டு தை ஐந்தாம் நாள்தான் அந்தக் குறை தீர்ந்தது. அந்த நாளைக் காலிங்கராயன் நாள் என்று உழவர்கள் கொண்டாடுகிறார்கள்.

அணை என்றதும் மேட்டூரை நினைத்துக்கொண்டு செல்பவர்கள் ஏமாந்துபோவார்கள். காலிங்கராயன் அணைக்கட்டு நீரைத் தேக்கி வைப்பதன்று. ஆற்றின் குறுக்கே தாழ்வாகக் கிடந்து, நீர்மட்டத்தைச் சிறிது உயர்த்தி, ஒரு பங்கை மட்டும் தென்கரை வாய்க்காலுக்குள் திருப்பிவிடுகிறது. மிகுந்த நீர் அணையின் தலைமீதேறிக் காவிரியை நோக்கிச் சென்றுவிடும். வேண்டியதை எடுத்துக்கொண்டு ஆற்றை அதன் வழியே விடும் இந்த அடக்கம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

பாண்டியர் ஆட்சிக் காலத்தில் கொங்கு நாட்டில் உயர் அதிகாரியாயிருந்தவர் காலிங்கராயன். வெள்ளோடு கனகபுரத்தார், வேளாண் குடியினர். 1271-இல் தொடங்கிய பணி 1283-இல் நிறைவேறியதென்பர். அவர் ஏன் இதைச் செய்யத் துணிந்தார் என்பதற்கு ஊரார் ஒரு கதை சொல்கிறார்கள். உறவினர் வீட்டுக்கு மணம் பேசச் சென்றிருந்தபோது, எந்த அரிசியைச் சமைப்பது என்று சமையற்காரர் கேட்டாராம். வறண்ட நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு எந்த அரிசியானால் என்ன என்று உள்ளிருந்து விடை வந்ததாம். அது காலிங்கராயனின் காதில் விழுந்தது. எங்கள் மண்ணிலும் நெல் விளைவித்துக் காட்டுகிறேன் என்று இலையை விட்டு எழுந்தாராம். செவிவழிக் கதைதான். ஆனால் புஞ்சைக் காட்டில் சோளமும் கம்பும் உண்டு வளர்ந்த குடும்பத்தில் பிறந்த எனக்கு, அரிசிச் சோற்றின் அருமை தெரியும். அந்தச் சொல் எங்கே சுட்டிருக்கும் என்பதும் தெரியும்.

வாய்க்கால் செல்லவேண்டிய தடத்தை ஒரு பாம்பு ஊர்ந்து காட்டியது என்பது மற்றொரு கதை. அதன் போக்கைப் பார்த்தால் இக்கதை பிறந்ததில் வியப்பில்லை. மேட்டின் விளிம்பைப் பற்றிக்கொண்டு வளைந்து வளைந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர் செல்கிறது. கோணவாய்க்கால் என்றே ஓர் ஊர்ப்பெயர் உண்டு. நேராக வெட்டியிருந்தால் நீர் விரைந்தோடிப் பள்ளத்தில் இறங்கிவிடும். வளைந்ததனாலேயே மேட்டில் தங்கி, வாய்க்காலுக்கும் காவிரிக்கும் இடைப்பட்ட 15,743 ஏக்கர் நிலத்துக்கு மதகு வழியே பாய்கிறது. நெல், கரும்பு, வாழை, ஈரோட்டுக்குப் பெயர் தேடித்தந்த மஞ்சள் எல்லாம் அந்த வளைவுகளின் கொடை.

வேலை முடிந்தபின் நிகழ்ந்ததுதான் நெஞ்சைத் தொடுவது. தன் குடும்பம் செழிக்கவே வெட்டினான் என்று சிலர் புறம் பேசினார்கள். காலிங்கராயன் வழக்காடவில்லை. இந்த நீரால் என் வழியினர் பயனடையமாட்டார்கள் என்று உறுதி கூறி, பிறந்த மண்ணை விட்டுப் பொள்ளாச்சி அருகே ஊத்துக்குளிக்குக் குடிபெயர்ந்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. ஊத்துக்குளி ஜமீனை ஆண்டவர்கள் அவர் வழியினரே. அரிசியால் வந்த அவமானத்தைத் துடைக்க ஆற்றைத் திருப்பியவர், அந்த ஆற்றில் விளைந்த அரிசியை உண்ணாமல் போனார். கோயிலுக்கு ஒரு குழல்விளக்கு வாங்கிக் கொடுத்தால் அதிலும் உபயம் என்று பெயரெழுதிக்கொள்ளும் நாம் (நானும் எழுதியிருக்கிறேன்) அன்று அந்தச் சிலையின் முன் நிற்கச் சற்றுக் கூசத்தான் வேண்டியிருந்தது.

விழா முடிந்தபின் மருமகனின் காரில் வாய்க்காலை ஒட்டியே கொடுமுடிக்குப் புறப்பட்டோம். ஈரோட்டை நெருங்கியதும் நீரின் நிறம் மாறியது. சாயக் கழிவும் தோல் பதனிடும் கழிவும் நகரத்துச் சாக்கடையும் கலந்து நெடுங்காலமாகிறது. கழிவைத் தனியே கொண்டுசெல்லப் பக்கத்திலேயே பேபி வாய்க்கால் என ஒன்று கட்டியிருக்கிறார்கள். ஆயினும் நகரைத் தாண்டி ஒரு படித்துறையில் இறங்கிக் கைகால் கழுவப் போனவன், நாற்றம் தாளாமல் நின்றுவிட்டேன். பூசைப் பூவும் பழந்துணியும் சாமி படங்களும் நெகிழிப் பையோடு படியோரம் ஒதுங்கிக் கிடந்தன. அவற்றைப் போட்டது எந்த ஆலையும் அன்று, நம் வீடுகள்.

மாட்டை ஓட்டிக்கொண்டு வந்த பெரியவரிடம், "இந்தத் தண்ணியைக் குடிச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"சின்ன வயசுல இதுதானுங்க குடிதண்ணி. கட்டுச்சோத்த அவுத்து வெச்சுட்டு, ரெண்டு கையில அள்ளிக் குடிப்போமுங்க. இப்ப மாடே மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்குதுங்க."

காலிங்கராயனின் வழியினர் சொல்லைக் காக்க ஒதுங்கிய தண்ணீர். இன்று மாடும் ஒதுங்குகிறது.

கொடுமுடியில் மகுடேசுவரரையும், வன்னி மரத்தடியில் நான்முகனையும், வீரநாராயணப் பெருமாளையும் வணங்கினோம். மாலையில் ஆவுடையாபாறைக்குச் சென்றோம். வாய்க்கால் அங்கே நொய்யலில் முடிகிறது. வெள்ளியங்கிரியில் பிறந்து, எங்கள் பேரூர்ப் பட்டீசுவரரின் பக்கமாக வரும் அதே நொய்யல்தான். கூடுதுறையில் காவிரியை அடைந்திருக்கவேண்டிய பவானி நீர் ஊரெல்லாம் சுற்றி, மஞ்சளும் நெல்லும் விளைவித்து, எஞ்சியது நொய்யலோடு சேர்ந்து காவிரியை அடைகிறது.

மருமகன் காரைத் திறந்தார். பவானியில் அர்ச்சனை செய்த மாலையும் பூவும் பையில் வாடியிருந்தன. நீரில் விடலாமென்று எடுத்துவந்தவை. பையை மடியில் வைத்துக்கொண்டு ஏறினேன். மறுநாள் வீட்டுத் தென்னையடியில் குழிதோண்டிப் புதைத்தோம்.